தொகாஷிக்கு, வெள்ளிக்கிழமைக்கு முன்

ஐம்பத்தொன்றில் இடமாற்றம் என்றால்
வரவேற்பு விருந்து உண்டு.
விருந்து என்றால் இரண்டாம் சுற்று உண்டு.
இரண்டாம் சுற்று என்றால் கரோக்கேதான்.
என்ன பாடுவது என்று கேட்டிருந்தாய்.
செண்டாயில் உனக்கு யாரையும் தெரியாது என்பதால்
தொயாமாவிலிருந்து சொல்கிறேன்.

முதலில், உனக்குப் பிடித்த பாட்டை மற.
காலையில் கொட்டாவி விடும்போது
குரல் எதுவரை போகிறதோ அதுதான் உன் கூரை.
அதற்கு மேல் ஏறும் பாட்டைத் தொடாதே.
சுருதியை மூன்று கட்டை இறக்க ஒரு பொத்தான் இருக்கிறது,
ஊலாங் தேநீரை எடுப்பதுபோல் கையை நீட்டி
யாரும் பார்க்காதபோது அழுத்து.

எல்லோரும் சேர்ந்துகொள்ளும் அடி
முதல் நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும்.
இடையிசை நீண்டால் என்ன செய்வாய்?
மைக்கைப் பிடித்தபடி
திரையில் மழைக்கோட்டோடு நடக்கும்
யாரோ ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பாய்.
ஐம்பது தாண்டிய ஆணுக்கு
இடையிசையைவிட நீளமான நேரம் எதுவுமில்லை.

துறைமுகம், மது, விட்டுப்போனவள்
என்று வந்தால் அது நம் அப்பாக்களின் பாட்டு;
இளையவர்கள் கைபேசியை எடுத்துவிடுவார்கள்.
இந்த வருடத்துப் பாட்டோ
நம் வாயில் வேகாத அரிசி.
நடுவில் ஒரு சின்னத் திட்டு இருக்கிறது நமக்கு:
நாம் பள்ளியில் படித்தபோது வந்து,
ஏதோ கறிக்குழம்புப் பொடி விளம்பரத்தில் திரும்பி வந்து,
இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கும்
வாயில் நிற்கிற பாட்டு.
அப்படி என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது.
பதினெட்டு வருடம் அதை வைத்தே பிழைத்தேன்.

பந்திக்கு முந்தலாம், மைக்குக்கு முந்தாதே.
மூன்றாவதாகப் பாடு.

இத்தனையும் தெரிந்த எனக்கு
போன மாதம் இகாவாவின் பிரிவு விருந்தில் நடந்ததைக் கேள்.
கணக்குப் பிரிவின் நிவா, இருபத்தாறு வயது,
"இது நம் பிரிவுத் தலைவர் பாட்டு" என்று சொல்லி
அவளே பாடிவிட்டாள்.
மரியாதைக்காகத்தான்.
நன்றாகவும் பாடினாள், ஒரு கட்டைகூட இறக்காமல்.
நான் தம்பூரின் குலுக்கினேன்.

பிறகு பாட்டுப் பலகை என் மடிக்கு வந்தது.

உனக்கு மட்டும் சொல்கிறேன்.
புதன்கிழமை மதியங்களில்
வாடிக்கையாளரைப் பார்ப்பதாக எழுதிவைத்துவிட்டு
ரயில் நிலையத்துக்குப் பின்னால்
ஒற்றை ஆள் அறை எடுப்பேன், பாதி விலைக்கு.
அங்கே பாடுவது வேறு பாட்டு.
ஏழு நிமிடம். இடையிசையே ஒன்றரை.
எந்த விளம்பரத்திலும் வராதது.
இயந்திரம் எனக்கு ஒருமுறைகூட
எழுபத்தொன்றைத் தாண்டி மதிப்பெண் தராதது.
அதை அழுத்திவிட்டேன்.

வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பாட்டு.
மூன்றாவது முடியும்போது சுவர்த் தொலைபேசி அடித்தது:
இன்னும் பத்து நிமிடம்.
நீட்டிக்கலாமா என்று இகாவா
ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.
கடைசி ரயில் என்றது ஒரு குரல்.
கோட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தபோது
என் பாட்டின் பெயர் திரை முழுக்க வந்து நின்றது.
"இது யாருடையது?"
யாரோ தவறி அழுத்தியிருப்பார்கள் என்றேன்.
தலைக்கு மூவாயிரத்து இருநூறு யென்,
எண்ணிக் கொடுத்தேன்.

கீழே போனபின்தான் குடை நினைவுக்கு வந்தது.
திரும்பி ஏறினேன்.
அறையில் முழு விளக்கையும் போட்டு
ஒரு பையன் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.
திரையில் எழுத்துகள்
பாட ஆளில்லாமலே
இடமிருந்து வலமாக நீலமாகிக்கொண்டிருந்தன,
ஒரு சொல்லும் பிந்தாமல்.
என் புதன்கிழமைகளில்
அவ்வளவு சரியாக நான் பாடியதே இல்லை.
குடை இருக்கைக்கு அடியில் கிடந்தது.
இடையிசை தொடங்கும்வரை
அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை நீ
கறிக்குழம்புப் பாட்டையே பாடு.
எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். மூன்று கட்டை இறக்கு.
கைதட்டுவார்கள், கவலைப்படாதே.
செண்டாயிலும் புதன்கிழமை மதியம்
பாதி விலைதானா என்று மட்டும்
விசாரித்துச் சொல்.